பானையில் மிச்சமிருந்த ஊதா

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். தொட்டி நிறைய நேரமாகும். அதற்குள் பல் துலக்கி, பால் காய்ச்சி, காப்பி குடித்துவிடுவேன். தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்துவேன். பிறகு கும்பாரகொப்பலிலிருந்து மேட்டகள்ளியில் இருக்கும் எங்கள் கண்ணாடிப் பட்டறை ஷெட்டுக்கு நடந்து போவேன். ஸ்கூட்டர் இருக்கிறது. நடந்தால் கொஞ்ச நேரம் கழியும்.

ஷட்டரைத் தூக்குவேன். வாளியில் புதுத் தண்ணீர் பிடித்து மர அகப்பைகளை அதில் மூழ்க வைப்பேன். சூடான கண்ணாடியை உருட்டித் திரட்டும் அகப்பைகள். காய்ந்தால் வெடித்துவிடும். கண்ணாடியைக் கையால் உருட்டும்போது சுடாமல் இருக்கப் பழைய செய்தித்தாளை மடித்து நனைத்து வைப்பேன். கேஸ் சிலிண்டர்களின் அழுத்தம் பார்ப்பேன். உலையின் வெப்பமானி ஆயிரத்தை ஒட்டி நிற்கும். உலைக்கதவைத் திறக்க மாட்டேன். நாற்காலியில் உட்காருவேன். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் உட்காருவேன்.

என் மனைவி பூங்குழலி இறந்ததிலிருந்து இதுதான் வேலை.

நாங்கள் இருவரும் கார்னிவல் கண்ணாடி செய்தோம். அது நூறு வருடம் பழைய அமெரிக்கச் சரக்கு. அச்சில் எடுத்த கிண்ணம், குவளை, பூச்சாடி. கண்ணாடி சூடாக இருக்கும்போதே உலோக உப்புக் கரைசலைப் புகைபோலத் தெளித்தால், மழைத்தண்ணீரில் டீசல் சிந்தினது மாதிரி மேலே நிறங்கள் ஓடும். அந்தக் காலத்தில் ஏழை வீட்டு அலமாரிக்கென்று செய்தார்கள். இப்போது அதைச் சேகரிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் புதியதையும் வாங்குவார்கள். எங்களுடையது எல்லாம் கப்பலேறிப் போயிற்று.

நான் நுண்கலைக் கல்லூரியில் படித்தவன். ஊதுவது என் வேலை. அவள் வேதியியலில் எம்.எஸ்ஸி. கண்ணாடிக்கு நிறம் கூட்டுவதும், கரைசல் கலப்பதும், தெளிப்பதும் அவளுடையவை. தெளிப்பதை ‘மருந்தடிக்கிறது’ என்பாள். அவள் ஊர் கோபிநத்தம். தோட்டத்து வார்த்தை. நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

உலைக்குள் ஒரு பானை இருக்கிறது. காய்ச்சல் வருவதற்கு முன்னால் அவள் கடைசியாகக் கூட்டிப் போட்ட சரக்கு அதில்தான் இருந்தது. மாங்கனீசும் வெடியுப்பும் சேர்த்த அடர் ஊதா. கறுப்பு என்றே சொல்லலாம். அந்தக் கறுப்பின்மேல் மருந்தடித்தால்தான் பச்சையும் நீலமும் எழுந்து நிற்கும். வெளிறிய கண்ணாடியின்மேல் அடித்தால் சோப்பு நுரை மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

உலைக்குள் எந்தக் கண்ணாடியும் ஒரே நிறம். ஆரஞ்சு. வெளியே எடுத்து ஆறினால்தான் உண்மை நிறம் தெரியும். ஆகவே உள்ளே ஊதா இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பார்த்ததில்லை. மாங்கனீசு ஊதா நெருப்பில் ரொம்ப நாள் தங்காது என்பதும் தெரியும். ‘ஓடிப்போயிரும்’ என்பாள். போட்ட வாரத்துக்குள் பானையைக் காலிசெய்துவிடுவோம். இந்த முறை காலிசெய்யவில்லை. அணைத்தால் கண்ணாடி இறுகிப் பானை பிளக்கும். எடுத்துச் செய்தால் தீர்ந்துபோகும். எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து ஷெட்டில் லேத் வைத்திருக்கும் நஞ்சுண்டசாமி தினமும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்.

“ஆர்டர் இருக்காப்பா?”

“இல்ல சார்.”

“மத்தே? பின்ன யாருக்கு எரியுது இது?”

“இருக்கட்டும் சார்.”

“ஏன் மாராயா, சொல்றதைக் கேளு. அணைச்சுட்டு ஊருக்குப் போய்ட்டு வா. நான் பார்த்துக்கறேன்.”

“எந்த ஊருக்கு சார்?”

அவர் தன் லேத்துக்குத் திரும்பிப் போய்விடுவார்.

தசரா முடிந்து தெருவில் விளக்குச் சரங்களைக் கழற்றிக்கொண்டிருந்த வாரத்தில் அத்தை போன் செய்தாள். பூங்குழலியின் அம்மா, சித்தம்மா.

“மாப்பிள்ளைங்க, சாப்ட்டீங்களா?”

“ஆச்சு அத்தை.”

“ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க. அவ செஞ்ச கண்ணாடி ஒண்ணு வேணுமுங்க. சின்னதா இருந்தாலும் செரி. நகை, சீலையெல்லாம் குடுத்து உட்டீங்க. அதெல்லாம் நாங்க வாங்கிக் குடுத்ததுதானே. அவ கையில ஆனது ஒண்ணு.”

“பாக்கறேன் அத்தை.”

“போன்ல படம் அனுப்புவா. ஒண்ணும் தெரியாது, கருப்பாத்தான் இருக்கும். கேட்டா, அம்மா, அது படத்துல வராது, புறாக் கழுத்து மாதிரி இருக்கும், திருப்புனா மாறும்னு சொல்லுவா. அந்த நெறத்த ஒருக்கா கண்ணுல பாக்கோணும். நாங்க நாளைக்கு வாரோம்.”

போனை வைத்துவிட்டு வீட்டில் தேடினேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்தேதான் தேடினேன். நன்றாக வந்தவை எல்லாம் விற்றுப்போனவை. கொஞ்சம் கோணலாக வந்ததையோ, மருந்து திட்டுத்திட்டாக விழுந்ததையோ அவளே சுத்தியலால் உடைத்துத் தகர டப்பாவில் போடுவாள். அடுத்த உருக்கலுக்கு அது உள்ளே போய்விடும். ஆஸ்திரேலியாவில் எங்களிடம் நிறைய வாங்கிய ஒருவருக்கு எழுதினேன். ஒரே ஒரு கிண்ணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து ஒரு லில்லிப் பூவின் படம் அனுப்பினார்.

மிச்சம் இருந்தது பானை மட்டும்.

மறுநாள் மத்தியானம் அவர்கள் கொள்ளேகால் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாமா மல்லப்பன் தோளில் ஒரு மூட்டை. கேழ்வரகு மாவு, நிலக்கடலை, காய்ந்த மொச்சை. நான் வாங்கப் போனேன். தரவில்லை.

“உடுங்க மாப்ள. இத நீங்க தூக்குனாத்தான் கஷ்டம். என்ன இப்புடி எளச்சுட்டீங்க?”

வீட்டில் அத்தை உட்காரவில்லை. கூடத்து அலமாரியைத் திறந்து பார்த்தாள். பிறகு சமையலறை அலமாரியை. எவர்சில்வர் பாத்திரங்களை நகர்த்திப் பின்னால் பார்த்தாள்.

“ஒரு சின்னக் கிண்ணங்கூட இல்லீங்களா?”

“இல்ல அத்தை. கொஞ்சம் கோணலா வந்தாலும் அவளே உடைச்சுருவா.”

மாமா சிரித்தார். “கோலம் போடச் சொன்னா ஒரு பக்கம் மேட்டுலயும் ஒரு பக்கம் பள்ளத்துலயும் போடுவா. கண்ணாடி மட்டும் நேரா வேணுமாக்கும் அவளுக்கு.”

“சித்த சும்மா இருங்க,” என்றாள் அத்தை.

பானையைப் பற்றிச் சொன்னேன். அவள் போட்ட கண்ணாடி இன்னும் உலையில் இருக்கிறது, ஒன்றிரண்டு கிண்ணத்துக்கு வரும், நான் ஊதித் தருகிறேன் என்றேன். நிறம் ஓடிப்போயிருக்கலாம் என்பதைச் சொல்லவில்லை. எனக்கும் உறுதியாகத் தெரியாது.

“அது அவ செஞ்சதா ஆகுங்களா?” என்று கேட்டாள்.

“நிறம் அவளோடது அத்தை. எப்பவும் ஊதறது நான்தான்.”

“அப்ப செரி. அந்த நெறந்தான் எனக்கு வேணும்.”

“ஒரு சிக்கல் இருக்கு. நான் கம்பியைத் திருப்பிட்டே இருக்கணும். நின்னா தொங்கிரும். மருந்தடிக்க இன்னொரு ஆள் வேணும்.”

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “மருந்தடிக்கவா? நான் எதுக்கு இருக்கறேன்? தக்காளிக்கும் மஞ்சளுக்கும் டேங்கைச் சொமந்து சொமந்தே என்ற முதுகு வளஞ்சு போச்சு.”

“இவரு மருந்தடிச்சா பூச்சி ஒண்ணுதான் உசுரோட இருக்கும்,” என்றாள் அத்தை. “செடி செத்துப்போகும்.”

பழைய நாளில் அவர்கள் வீட்டுப் பேச்சு இப்படித்தான் இருக்கும்; அன்று அதற்கு மிக அருகில் வந்தது அதுதான். பிறகு மூன்று பேரும் ஷெட்டுக்குப் போனோம்.

கரைசல் புதிதாகக் கலந்தேன். அளவு எனக்கும் தெரியும். மாமாவுக்குத் தெளிப்பானைக் கொடுத்து, முதலில் வெறும் தண்ணீரைச் சுவரில் அடிக்கச் சொன்னேன். நன்றாகவே அடித்தார். ஆவி மூக்கில் ஏறக் கூடாது, அமிலம். ஆகவே முகமூடி வேண்டும். ஆணியில் இரண்டு தொங்கின. ஒன்று என்னுடையது. மற்றதை மாமா மாட்டிக்கொண்டார். அது அவர் தலைக்குச் சின்னது. பட்டையைத் தளர்த்தி இழுத்தார். அவள் தலைக்கு வைத்திருந்த அளவு போயிற்று.

உலைக்கதவைத் திறந்தேன். அத்தை வெப்பத்துக்குப் பின்வாங்கினாள். பிறகு கையை முகத்துக்கு மறைவு வைத்து மறுபடி நெருங்கி எட்டிப் பார்த்தாள்.

“இதுதானா? செகப்பா இருக்குது.”

“உள்ள எல்லாமே அப்படித்தான் தெரியும். ஆறினாத்தான் நிறம்.”

பானையில் மட்டம் இறங்கியிருந்தது. மேலே ஏடு கட்டியிருந்தது. அதைக் கம்பியால் ஒதுக்கிவிட்டு ஊதுகுழலை உள்ளே விட்டேன். தேன் எடுப்பது போலச் சுழற்றி எடுக்க வேண்டும். கை மறந்திருக்கவில்லை. அகப்பையில் உருட்டினேன். ஆவி எழுந்தது. ஊதினேன். மறுபடி பானையில் நனைத்தேன். பிறகு அச்சு. வார்ப்பிரும்பு அச்சு, உள்பக்கம் கேழ்வரகுக் கதிர்கள் விரல் மடக்கினது போல வளைந்திருக்கும். பூங்குழலி வரைந்து கொடுத்து நஞ்சுண்டசாமி வெட்டியது. அதற்குள் இறக்கி ஊதி எடுத்தேன். அத்தை பார்த்துவிட்டு, “கேவுறு,” என்றாள்.

அடியில் கம்பி ஒட்டி, குழலிலிருந்து பிரித்து, வாயை விரித்தேன். இதுவரைக்கும் ஒருவனே செய்யலாம். கடைசியாக ஒருமுறை சூடு காட்டி, புகை இழுக்கும் விசிறிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். சிவப்பு அடங்கும் நேரம் பார்த்துச் சொன்னேன்.

“இப்ப, மாமா.”

அவர் அடித்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு விளிம்பில் பொன் நிறம் வந்தது. பின்னாலேயே பச்சை. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். நான் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

“போதும் மாமா.”

விசிறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. அவர் முழங்காலை மடக்கிக் குனிந்து, தெளிப்பானைக் கிண்ணத்தின் அடிப்பக்கம் கொண்டுபோனார். இலைக்கு அடிக்கிறவர்கள் அப்படித்தான் குனிவார்கள். பூச்சி இலையின் அடியில்தான் இருக்கும். சொட்டுகிற வரைக்கும் நனைப்பார்கள். அவர் அப்படியே நனைத்தார். நான் கம்பியை இழுப்பதற்குள் குளிர்ந்த கரைசல் திரண்டு கம்பி ஒட்டிய இடத்தில் ஓடிற்று.

‘டிக்’ என்று ஒரு சத்தம். அடி மட்டும் கம்பியில் நின்றது. கிண்ணம் தரையில் விழுந்து சிதறியது.

மாமா குனிந்தபடியே இருந்தார். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

அத்தைதான் முதலில் பேசினாள். “அடியில அடிக்கச் சொன்னாங்களா உங்கள?”

“செடின்னா அடியிலதான் அடிக்கோணும்…”

“இது செடியா?”

அவர் தெளிப்பானை இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல் மேசைமேல் வைத்தார். முகமூடியைக் கழற்றினார். வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார்.

“எனக்கும் முதல்ல நிறைய உடைஞ்சிருக்கு அத்தை,” என்றேன்.

“இன்னொண்ணு வருமுங்களா?”

“வரும்.”

துண்டுகள் ஆறட்டும் என்று காத்திருந்து துடைப்பத்தால் ஒதுக்கினேன். ஒரு துண்டை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். ஊதா இல்லை. ஒரு குடம் தண்ணீரில் ஒரு நாவற்பழத்தை நசுக்கினது போல லேசாக ஏதோ இருந்தது. வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். இருக்கிறது என்று சொன்னால் இருந்தது. அவ்வளவுதான்.

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டைத் தகர டப்பாவில் போட்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வழி மிச்சமிருந்தது. கண்ணாடி தடிமனாக இருந்தால் நிறம் கூடித் தெரியும். ஒரு கைத் தண்ணீர் நிறமில்லாமல் இருக்கும், கிணற்றுத் தண்ணீர் பச்சையாக இருக்கும், அந்தக் கணக்குத்தான். பானையில் இருப்பதை எல்லாம் ஒரே கிண்ணத்தில் சேர்த்துவிடலாம். அதற்குப் பிறகு எதுவும் இருக்காது. நான் கதவைத் திறந்தேன்.

“மாமாவைக் கூப்பிடுங்க அத்தை.”

“அவரா?” வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏனுங்க, மரத்துக்கு மருந்தடிச்சது போதும். உள்ள வாங்க.”

அவர் வந்தார். “நீயே அடி,” என்றார் அத்தையிடம்.

“எனக்குத் தெரியாது. நீங்க அடிங்க. மாப்பிள்ளை சொன்னா நிறுத்துங்க. அவரு வாயப் பாத்துட்டே அடிங்க.”

“மாமா, நான் தலையாட்டுறேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டுகூட வேண்டாம்.”

மூன்று முறை நனைத்து எடுத்தேன். நாலாவது முறை குழலைப் பானையின் அடியில் வழித்தேன். கனத்தது. தோள் வலித்தது. இத்தனை தடிமனில் நாங்கள் எதுவும் செய்ததில்லை. அச்சில் கதிர்கள் சரியாகப் பதியவில்லை. அவளாக இருந்தால் இந்த இடத்திலேயே உடைக்கச் சொல்லியிருப்பாள். நான் தொடர்ந்து செய்தேன். கம்பி ஒட்டினேன். வாய் விரித்தேன். விசிறிக்கு முன்னால் கொண்டுவந்தேன்.

மாமா இந்த முறை தள்ளி நின்றார். கிண்ணத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு அடித்தார். நான் தலையாட்டியதும் கையை உயரத் தூக்கிவிட்டார், போலீஸ்காரனுக்கு முன்னால் நிற்கிறவர் மாதிரி.

கிண்ணத்தை ஆறவைக்கும் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

“பாக்கலாமுங்களா?”

“நாளைக்குக் காலைல, அத்தை. மெதுவா ஆறணும். அவசரப்பட்டா இதுவும் போயிரும்.”

“செரி. ராத்திரி தங்கிட்டுப் போறோம்.”

பானை காலி. காலிப் பானைக்கு நெருப்பு வேண்டாம். வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சாயங்காலம் கேஸை நிறுத்தினேன். உலை எப்போதும் ஒரே குரலில் உறுமிக்கொண்டிருக்கும். அது நின்றதும் பக்கத்து ஷெட்டின் லேத் சத்தம் கேட்டது. ரிங் ரோட்டில் லாரிகள் போவது கேட்டது. நஞ்சுண்டசாமி ஓடி வந்தார். ஏதோ கெட்டுப்போயிற்று என்று நினைத்துவிட்டார். அத்தையையும் மாமாவையும் பார்த்து நின்றார். யார் என்று கேட்காமல் கைகூப்பினார்.

இரவு அத்தை கேழ்வரகுக் களி கிண்டினாள். மாமா இரண்டு தடவை, “ஆறிப்போச்சுன்னா வெடிக்காதுங்களே?” என்று கேட்டார். வெடிக்காது என்றேன். மூன்றாவது தடவை அவர் கேட்பதற்கு முன்னால் அத்தை தட்டில் இன்னொரு உருண்டையை வைத்துவிட்டாள்.

காலையில் மோட்டார் போட்டேன். பல் துலக்கினேன். அத்தை காப்பி வைத்திருந்தாள். குடித்துவிட்டு ஷெட்டுக்குப் போனோம்.

பெட்டி ஆறியிருந்தது. கிண்ணத்தை எடுத்து அத்தையின் கையில் கொடுத்தேன். கனத்தால் கை கொஞ்சம் தாழ்ந்தது. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துத் திருப்பினாள். நான் பின்னால் நின்று பார்த்தேன்.

பல தடவை துவைத்த ரவிக்கை மாதிரி ஓர் ஊதா. அடியில், தடிமனான இடத்தில், அதைவிட ஒரு பிடி கூடுதல். அதன்மேல் ரோஜாவும் வெளிர்பொன்னும் ஓடின. குழந்தைகள் ஊதும் சோப்புக் குமிழியில் ஓடுவது போல. அசிங்கமாக இல்லை. யாராவது வாங்குவார்கள்.

அத்தை ஒரு சுற்றுத் திருப்பினாள். இன்னொரு சுற்று. ஷெட்டின் தகரக் கூரையில் புறாக்கள் இருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை.

“புறாக் கழுத்துன்னா அடியில இருட்டா இருக்கோணும்,” என்றாள். “அந்த இருட்டுலதான் பச்சை தெரியும்.”

“ஆமா அத்தை.”

“இது அவ சொன்னது இல்லீங்க.”

“இல்ல.”

“நல்லாத்தானே இருக்குது புள்ள,” என்றார் மாமா.

“நல்லா இல்லைன்னு சொன்னனா நானு?”

“நான் மருந்து கம்மியா அடிச்சுட்டனோ?”

“மருந்து சரியாத்தான் இருந்துச்சு மாமா,” என்றேன். “கண்ணாடியில நிறம் இல்ல. அவ போட்டப்ப இருந்துச்சு. நான் ரொம்ப நாள் நெருப்புலயே வெச்சுட்டேன். அந்த ஊதா அப்படி நிக்காது.”

“அணைச்சிருந்தா?” என்று கேட்டாள் அத்தை.

“பானை பிளந்திருக்கும். அந்த வாரமே எடுத்து ஊதியிருந்தா வந்திருக்கும்.”

“அந்த வாரம் எப்புடி ஊதுவீங்க?”

நான் வாசலிலிருந்து விலகி வழி விட்டேன்.

அத்தை உள்ளே வந்து கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். விளிம்பில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். “இது நீங்களும் இவரும் செஞ்சது. இங்கயே இருக்கட்டும்,” என்றாள். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமா நின்றார். உலை ஆறும்போது செங்கற்கள் இடைவிட்டு இடைவிட்டுச் சடசடக்கும். அந்தச் சத்தத்துக்கு அவர் ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“வேற ஒண்ணு கேக்கறேன்,” என்றாள் அத்தை. “என்ற தங்கச்சி எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறா. பூங்குழலி ‘அம்மா’ன்னு கூப்புட்டுத்தான் கண்ண மூடுனான்னு. நர்ஸு சொன்னாளாம். ஊருல எல்லாரும் அதச் சொல்லித்தான் என்னையத் தேத்தறாங்க. நானும் கேட்டுக்கறேன். பக்கத்துல இருந்தது நீங்கதான். நீங்க ஒண்ணுமே சொல்லல.”

“நர்ஸ் எதுவும் சொல்லல அத்தை.”

“தெரியும். எனக்கு அந்த நெறந்தான் இல்லீன்னு ஆயிப்போச்சு. அவ பேச்சாச்சும் நெசமா வேணும். என்னையக் கூப்புடலைன்னாலும் பரவால்ல.”

மாமா, “உடு புள்ள,” என்றார்.

“நீங்க சும்மா இருங்க. சொல்லுங்க மாப்பிள்ளை.”

“பெருசா ஒண்ணும் இல்ல அத்தை.”

“பெருசா வேண்டாம்.”

நான் மர அகப்பைகள் இருந்த வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு சொல்ல வரவில்லை.

“ரத்தத்துல பிளேட்லெட் இறங்கிட்டே இருக்கு, மேல ஐ.சி.யூ.வுக்கு மாத்தணும்னாங்க. அவ நல்லாத்தான் பேசிட்டிருந்தா. கட்டில்லருந்து அவளே எறங்கி வீல்சேர்ல உக்காந்தா. லிஃப்ட் வர்ற வரைக்கும் நிறுத்தியிருந்தாங்க. அப்பத்தான் சொன்னா. நான் கீழ ஓடிப் போயிட்டு வர்றதுக்குள்ள லிஃப்ட் போயிருச்சு. நான் படியேறிப் போறதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. அதுக்கப்புறம் பாக்க விட்டாங்க. ஆனா குழாய் போட்டிருந்தாங்க. அவ பேசல.”

“என்ன சொன்னா?”

“சும்மா ஒரு வார்த்தை அத்தை.”

“அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

சொன்னேன்.

“ஐயோ, தேவராஜ மார்க்கெட்டுல வாங்குன புதுச் செருப்ப கீழ வாசல்லயே உட்டுப்போட்டு வந்துட்டேன், எவளாச்சும் மாட்டிட்டுப் போயிருவா, ஓடிப்போய் எடுத்துட்டு வா.”